புத்தகத்தை மூடிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியர். தேர்வறையில் கண்காணிப்பாளராக நிற்கும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்ப்பேன். ஒரு பிள்ளை வினாத்தாளை வாங்கும், திருப்பும், மறுபடி முதல் பக்கத்துக்கே வரும். பேனா மூடியைக் கழற்றும், போடும். உள்ளங்கை வியர்த்து விடைத்தாளின் ஓரம் நமுத்துப்போயிருக்கும். படிக்காத பிள்ளையா என்றால் இல்லை. பல நேரம் வகுப்பிலேயே அதிகம் படித்த பிள்ளை அதுதான். "எல்லாம் படிச்சேன் சார், பேப்பரைப் பார்த்ததும் எதுவுமே ஞாபகம் வரல" என்று வெளியே வந்து அழும். அது சாக்கு இல்லை. நடப்பதைத்தான் சொல்கிறது.

கொஞ்சம் படபடப்பு இருப்பது நல்லதுதான், அது நம்மை விழிப்பாக வைத்திருக்கும். அளவு மீறினால்தான் சிக்கல். ஒரே நேரத்தில் சில விஷயங்களை மட்டுமே மனதில் நிறுத்தி வேலை செய்ய நம்மால் முடியும். 'மார்க் குறைந்தால் அப்பா என்ன சொல்வார்' என்ற கவலை அந்தச் சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டால், விடைக்கு இடம் ஏது?

சரி, வீட்டில் எப்படிப் படிக்கிறோம்? ஒரே பாடத்தை நாலைந்து முறை வாசிக்கிறோம். வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதையே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்து எழுதும் வேலையை முதல்முதலாகத் தேர்வறையில்தான் செய்து பார்க்கிறோம். பயம் வராமல் என்ன செய்யும்?

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைச் சிலர் திரும்ப வாசித்தார்கள்; வேறு சிலர் வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறிவிட்டது. வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

அதனால் மாணவர்களே, ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிதான் வரும், வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கம் வீட்டிலேயே வந்து போகட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். வேறு மையில் எழுதிய வரிகள் குறையக் குறையத் தைரியம் கூடும்.

"உட்காரவே மனசு வரல சார்" என்பவர்களும் உண்டு. மனசு வரட்டும் என்று காத்திருந்தால் மாலையே போய்விடும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுங்கள், 10 நிமிடம் போதும். உட்கார்ந்த பிறகுதான் பெரும்பாலும் ஆர்வம் எட்டிப் பார்க்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "எவ்வளவு படிச்சே?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லு" என்று கேட்டு, பக்கத்தில் உட்காருங்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு பிள்ளையைத் தூங்க விடுங்கள். படித்தது நினைவில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும். நாள் கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் பிள்ளை தவித்தால், தேர்வு முடியட்டும் என்று இருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

போன தேர்வில் ஒரு மாணவி முதல் கேள்வியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள். வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தே படித்தவள் அவள். பேனாவைக் கீழே வைத்தாள். மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். முதல் கேள்வியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். கூடுதல் தாள் வேண்டுமாம்.

நன்றி, வணக்கம்.