கார் கண்ணாடி கோணலா ஏறுதா? மோட்டார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரப்பரப் பாருங்க

இதப் பாருங்க. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. பட்டன மேல இழுக்குறேன். முன்பக்கம் ஏறுது, பின்பக்கம் தங்கி நிக்குது. மேல் விளிம்பு நேரா இல்லாம சாஞ்சு போகுது, பார்த்தீங்களா? இப்ப முக்கால்வாசில நின்னுடுச்சு. மறுபடி இழுத்தா உள்ள 'கரக்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கல. அதனால இத்தோட விடுறேன்.

வணக்கம். இன்னிக்கு சனிக்கிழமை, சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல ஒரு சின்ன வொர்க்‌ஷாப்ல நிக்கிறேன். வீட்டு புளோக்குக்குக் கீழ கார்பார்க்லயே பண்ணலாமேன்னு கேட்பீங்க. எச்டிபி, அதாவது வீடமைப்புக் கழக கார்பார்க்ல வண்டி ரிப்பேர் பண்ணக் கூடாது. அது மட்டுமில்ல, கதவத் திறந்து போட்டு மூணு மணி நேரம் வேலை பார்த்தா பக்கத்து லாட்காரர் வண்டிய எப்படி எடுப்பார்? இந்த வொர்க்‌ஷாப் தவுக்கே, அதாவது முதலாளி, எனக்குப் பல வருஷப் பழக்கம். ஓரமா ஒரு இடம் குடுத்திருக்கார்.

வண்டி 2008-ல பதிவானது. அப்பா வாங்கினது. 2018-ல பத்து வருஷம் முடிஞ்சப்போ, சிஓஇய, அதாவது வண்டி வச்சிருக்க வாங்குற உரிமைச் சான்றிதழ, இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சார். பாதிப் பணத்துல அஞ்சு வருஷத்துக்கும் புதுப்பிக்கலாம், ஆனா அப்படிப் பண்ணா அதோட சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. புதுப்பிச்ச வண்டிக்கு ரோடு டாக்ஸும் கூடும். பத்து வருஷம் தாண்டினதும் 10 விழுக்காடு அதிகம், அப்புறம் வருஷா வருஷம் ஏறி, 14 வருஷம் தாண்டினா 50 விழுக்காடு. இன்ஸ்பெக்‌ஷனும் வருஷா வருஷம். இவ்வளவு கட்டி வச்சிருக்குற வண்டிய ஒரு கண்ணாடிக்காக வெறுக்க எனக்கு மனசு வரல.

எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன். மலேசியாவுக்குப் போற உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. இப்ப கியூஆர் கோடு இருக்கு, பாஸ்போர்ட்ட நீட்ட வேண்டியதில்ல, ஆனா கண்ணாடிய இறக்கி முகத்தக் காட்டணும். இறக்கினேன். பாலத்துல ஏறும்போது மழை பிடிச்சுக்கிச்சு. கண்ணாடி பாதியில நின்னுடுச்சு, மேலயும் வரல, கீழயும் போகல. பின் சீட்ல இருந்த அம்மா துண்ட எடுத்து என் வலது தோள்ல போட்டுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க, அந்தப் பக்கம் ஜோகூர்ல இருக்குற ஸ்கூடாய் வரைக்கும்.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன். இந்த இடம் இல்ல, வேற இடம். பட்டன ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டு "மோட்டார் வீக்"னு சொல்லி மாத்திட்டாங்க. 220 சிங்கப்பூர் வெள்ளி. ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் முன்ன விட மோசமாச்சு. ஏன் மோசமாச்சுங்கறத நான் புரிஞ்சுக்கிட்டதாலதான் இந்த வீடியோவே.

கதவப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. இதுக்குக் காசு வேண்டாம், ரெண்டு கை போதும். கண்ணாடிய பாதி வரைக்கும் ஏத்தி நிறுத்துங்க. ரெண்டு உள்ளங்கையால, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, கண்ணாடிய அணைச்சுப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. லொட லொடன்னு ஆடினா உள்ள கண்ணாடியப் பிடிச்சிருக்குற கிளிப் உடைஞ்சிருக்கு, இல்ல போல்ட் தளர்ந்திருக்கு. கொஞ்சமும் ஆடாம, இறுக்கமா, சாஞ்ச படியே நின்னா ஓரத்து ரப்பர் பிடிக்குது. என் வண்டில ரெண்டுமே. ஆட்டினா ஆடுது, ஆனா பின் ஓரத்துல மட்டும் பிடிச்சுக்கிட்டே ஆடுது.

இன்னொண்ணு, பட்டன அமுக்கும்போது உள் விளக்கு லேசா மங்குதான்னு பாருங்க. மங்கினா மோட்டாருக்குக் கரண்ட் போகுது, அது முயற்சி பண்ணுது, ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம். மோட்டார் விர்ருன்னு சுத்தியும் கண்ணாடி அசையலன்னா கேபிள் அறுந்திருக்கும். சத்தமே இல்லன்னா ஃபியூஸ், சுவிட்ச், இல்ல கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய்க்குள்ள போற வயர். கதவு திறந்து மூடி, திறந்து மூடி, அந்த இடத்துலதான் வயர் ஒடியும்.

சரி, பிரிக்கலாம். கைப்பிடிக்குப் பின்னால ஒரு ஸ்குரூ, கதவ இழுக்குற குழிக்குள்ள ஒண்ணு. கண்ணாடி மூலையில இருக்குற முக்கோண பிளாஸ்டிக்க முதல்ல எடுத்துருங்க. அப்புறம் சுத்தி பிளாஸ்டிக் கிளிப்புங்க. ஸ்குரூடிரைவரால நெம்பாதீங்க, பெயின்ட் போயிடும். பிளாஸ்டிக் நெம்பி மலிவாக் கிடைக்கும். கிளிப்பெல்லாம் விட்டதும் கதவோட உள் பலகைய மேல் பக்கமா தூக்குங்க. சட்டுனு இழுத்துராதீங்க, பின்னால சுவிட்ச் வயரும் கைப்பிடிக் கம்பியும் தொங்கும். பழைய பிளாஸ்டிக், ரெண்டு கிளிப் உடையத்தான் செய்யும். பத்து கிளிப் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க.

உள்ள இந்த பிளாஸ்டிக் ஷீட் தெரியுதா? கருப்புப் பசை வச்சு ஒட்டியிருக்கு. இதக் கிழிச்சுத் தூக்கிப் போடுறவங்களப் பார்த்திருக்கேன், வயிறு எரியும். கதவுக்குள்ள மழைத்தண்ணி எப்பவும் இறங்கும், அது இயல்பு. அது கீழ இருக்குற ஓட்டை வழியா வெளிய போயிடும். தண்ணி இந்தப் பக்கம், கார்பெட்டுக்கு வராம தடுக்குறது இந்த ஷீட்தான். நம்ம ஊர் டிசம்பர் மழையில இது இல்லாத கார் ஒரே வாரத்துல நாறும். அதனால பசைய மெல்ல வெட்டி, ஓரமா மடிச்சு டேப் போட்டு வைக்கிறேன். கீழ் ஓட்டை அடைச்சிருக்கான்னும் இப்பவே ஒரு கம்பிய விட்டுப் பார்த்துருங்க. அடைச்சா கதவு அடியில இருந்து துருப்பிடிக்கும்.

கிளவுஸ் போடுங்க. உள் தகடு பிளேடு மாதிரி. அதவிட முக்கியமா ஒண்ணு சொல்றேன்: கைய உள்ள விடுறதுக்கு முன்னாடி மோட்டார் வயர கழட்டிடுங்க. இந்த வயசு வண்டிங்க பலதுல, கை சிக்கினா தானா இறங்குற வசதி கிடையாது. கண்ணாடிய ஏத்தி இறக்குற அமைப்புக்குப் பேரு ரெகுலேட்டர். கத்தரிக்கோல் மாதிரி இரும்புக் கை மடங்குற பழைய வகை ரெகுலேட்டர்ல பெரிய ஸ்பிரிங் ஒண்ணு இருக்கும். அதுல மோட்டாரக் கழட்டினா அந்த இரும்புக் கை அடிச்சுத் திரும்பும், விரல் போயிடும். பல் சக்கரத்த போல்ட் போட்டுப் பூட்டாம அந்த மோட்டாரத் தொடக் கூடாது. என்னோடது கேபிள் வகை, ஸ்பிரிங் இல்ல. உங்களோடது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

இப்ப டார்ச் அடிக்கிறேன், கேமராவ கிட்ட கொண்டு வரேன். நடுவுல செங்குத்தா ஒரு தண்டவாளம். அதுல ஒரு வண்டி மாதிரி ஏறி இறங்குதே, அதுதான் கண்ணாடியச் சுமக்குது. மோட்டார் ஒரு உருளையச் சுத்துது, உருளையில கேபிள், கேபிள் அந்த வண்டிய இழுக்குது. தண்டவாளம் ஒண்ணே ஒண்ணுதான், கவனிச்சீங்களா? இவ்வளவு அகலக் கண்ணாடி, நடுவுல மட்டும் தாங்கல். அப்ப கண்ணாடி சாயாம நிமிர்ந்து போறது எதனால? முன் ஓரத்துலயும் பின் ஓரத்துலயும் இருக்குற ரப்பர் வாய்க்கால்னால. அதுக்குள்ள வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கண்ணாடி அதுல வழுக்கிட்டுப் போகும்.

இது என் வண்டியோட பின் வாய்க்கால். விரல வச்சுப் பாருங்க, காஞ்ச கருவாடு மாதிரி விறைச்சுப் போச்சு. வெல்வெட் தேஞ்சு, அழுக்கு உருண்டு கிடக்கு. பதினஞ்சு வருஷத்துக்கும் மேல திறந்தவெளிப் பார்க்கிங் வெயில். பின் ஓரத்த ரப்பர் பிடிச்சு நிறுத்துது, நடுவுல மோட்டார் மேல தள்ளுது. கண்ணாடி முறுக்கிச் சாயுது. அந்த முறுக்கு முழுசும் வந்து விழுற இடம் இதோ, இந்த பிளாஸ்டிக் கிளிப். விரிசல் விட்டு ஒரு காது உடைஞ்சே போச்சு. 'கரக்'னு கேட்டதே, இதுதான்.

இந்த நிலைமையில புது மோட்டார் போட்டா? பழைய மோட்டாருக்குப் பலம் குறைவு, திணறி நின்னுடும். புதுசு நிக்காது, இழுக்கும். கிளிப்ப உடைச்சுட்டுத்தான் ஓயும். ரெண்டு வாரத்துல மோசமானது அதனாலதான். மோட்டார மாத்தினவங்க திறமை இல்லாதவங்கன்னு நான் சொல்லல. பட்டன அமுக்கிப் பார்த்தா போதும்னு நினைச்சதுதான் தப்பு. நானும் கூடவே நின்னு தலையாட்டினேன்.

சாமான். நம்ம நாட்டுல பத்து வருஷத்துல நிறைய வண்டிங்க பதிவு நீக்கமாகிடுது, அதனால கழட்டின பார்ட்ஸ் தேடினா கிடைக்கும். மோட்டார், சுவிட்ச் அப்படி வாங்கலாம், தப்பில்ல. ரப்பர் மட்டும் வேண்டாம். அதுவும் அதே வெயில்ல அதே காலம் காஞ்ச ரப்பர்தானே? ஜாலான் புசார் பக்கத்துல ஒரு பழைய ஸ்பேர்பார்ட்ஸ் கடையில சொல்லி வச்சு புதுசா வாங்கினேன், 48 வெள்ளி. கிளிப் 12 வெள்ளி. மொத்தம் 60.

கண்ணாடிய மேல தூக்கி, கதவு ஃபிரேமுக்கு மேலால மாஸ்கிங் டேப் நாலு பட்டை போட்டு ஒட்டிட்டேன். கீழ விழாம இருக்க. பக்கக் கண்ணாடி ஓரத்துல ஒரு அடி பட்டா மொத்தமும் பொலபொலன்னு உதிர்ந்துடும், அதனால இந்த டேப்ல கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணாடியப் பிடிச்சிருக்குற போல்டத் தொடுறதுக்கு முன்னாடி, அது இப்ப இருக்குற இடத்த மார்க்கரால சுத்தி வரைஞ்சுக்கோங்க. ஓட்டைங்க நீளவாக்குல இருக்கு, அட்ஜஸ்ட் பண்றதுக்காகத்தான். குறி இல்லன்னா திரும்பி வர வழி தெரியாது.

பழைய ரப்பர உருவிட்டேன். வாய்க்கால் தகட்ட சோப்புத் தண்ணில துடைச்சு, காய விட்டு, புதுசப் பதிச்சுட்டேன். மூலையில நல்லா அமுக்குங்க, அங்கதான் பிதுங்கும். ரப்பருக்கு சிலிகான் ஸ்பிரே மட்டும். கையில கிடைச்ச எண்ணெய அடிக்காதீங்க, பெட்ரோலிய எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிப்போகும். தண்டவாளம் இரும்பு, அதுக்கு வெள்ளை கிரீஸ். கிளிப்பையும் மாத்தியாச்சு.

இனிமே சொல்றதுதான் இந்த வேலையோட உயிர். நான் எல்லா போல்டையும் இறுக்கப் போனேன். தவுக்கே பின்னால இருந்து "பெலான், பெலான்"னார். மெதுவா, மெதுவாங்கறார். விரலால திருகுற அளவுக்கு மட்டும் போடச் சொன்னார், கண்ணாடியப் பிடிச்சிருக்குற போல்டும், தண்டவாளத்து போல்டும். அப்புறம் வயர மாட்டி, கண்ணாடிய முழுசா மேல ஏத்தி, ஃபிரேமுக்குள்ள உட்கார வைக்கச் சொன்னார். ஏத்துறேன், பாருங்க. கையால லேசா தாங்குறேன். உட்கார்ந்துடுச்சு. ஃபிரேம் தானே கண்ணாடிய நேராக்கிடுச்சு. நான் கண்ணால அளந்து நிமிர்த்த வேண்டிய அவசியமே இல்ல. இப்ப வயரக் கழட்டிட்டு, கண்ணாடி போல்ட முதல்ல இறுக்குறேன், அப்புறம் தண்டவாளம். 10 நம்பர் சாக்கெட். ரொம்ப முறுக்கக் கூடாது, கண்ணாடியோட ஓட்டைய ஒட்டி இருக்குற போல்ட்.

காகிதச் சோதனை. ஒரு துண்டு பேப்பர ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வச்சு மூடுங்க, இழுங்க. முன் மூலை, பிடிக்குது. நடு, பிடிக்குது. பின் மூலை, இங்க கொஞ்சம் லேசா வருது. வாய்க்காலோட கீழ் போல்ட ஒரு சுத்து தளர்த்தி, ரெண்டு மில்லிமீட்டர் உள்ள தள்ளி இறுக்குறேன். இப்ப இழுக்குறேன்… வரல. சரியா இருக்கு.

பேட்டரியக் கழட்டியிருந்தா ஒரு விஷயம். ஒரே அமுக்குல முழுசா ஏறுற வண்டிங்க பலதுல அந்த ஞாபகம் போயிடும். கண்ணாடிய மேல ஏத்தி பட்டன சில நொடி இழுத்துப் பிடிச்சா திரும்பி வரும். வண்டிக்கு வண்டி முறை மாறும், மேனுவலப் பாருங்க.

பழைய அழுக்கு ரப்பர் டின்ட் பேப்பர நீளமா கீறி வச்சிருக்கு. அத உரிச்சுப் புதுசு ஒட்டணும். முன் ரெண்டு கதவுக்கும் 70 விழுக்காடு வெளிச்சம் உள்ள வரணும்னு எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தோட விதி, பின்னால 25 போதும். அத வேற நாள் பண்றேன்.

இப்ப ஏத்துறேன், எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மூடிடுச்சு. காலையில ஒம்பது வரைக்கும் எண்ணியும் முக்கால்வாசிதான் வந்துச்சு.

அம்மா உட்கார்ற பின் கதவுலயும் அதே பேப்பர வச்சுப் பார்க்குறேன். இழுத்தா… வந்துடுச்சு, தடையே இல்லாம. இந்த ரப்பரும் போச்சு. கடைக்காரர்கிட்ட இப்பவே போன் பண்ணி இன்னொரு செட் எடுத்து வைக்கச் சொல்லிடுறேன்.