வாளோடு புதைக்கப்பட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு எலும்புக்கூட்டை மானுடவியலாளர் கையில் கொடுத்தால் அவர் முதலில் தேடுவது இடுப்பெலும்பைத்தான். பிள்ளைப்பேற்றுக்கு வழிவிட வேண்டியிருப்பதால் பெண்ணுக்கு அது அகன்றிருக்கும். ஆணுக்குக் குறுகலாக இருக்கும். வளர்ந்த ஒருவரின் இடுப்பெலும்பு உடையாமல் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடலாம். உடலில் வேறுபாடு உண்டு, சரி. அந்த எலும்புக்குரியவர் உயிரோடிருந்தபோது என்ன வேலை பார்த்தார் என்று கேட்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

சுவீடனில் பிர்கா என்று ஓர் ஊர், சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் வட ஐரோப்பாவில் வாழ்ந்த வைக்கிங் எனும் கடலோடிகளின் காலத்தது. 1878-இல் அங்கே ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயங்கள், போதாததற்கு இரண்டு குதிரைகள். பெரிய வீரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அவர் வீரனாகவே இருந்தார். இடையில் எலும்பை ஆராய்ந்தவர்கள் 'பெண் போல இருக்கிறதே' என்றார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. 2017-இல் மரபணுச் சோதனை முடிவு வந்தது. ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோமே இல்லை. பெண்!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பக்கத்தில் வாள் இருந்தால் வீரர் ஆகிவிடுவாரா, மரியாதைக்காக வைத்திருக்கக் கூடாதா, எலும்பில் போர்க்காயம் எதுவும் காணோமே என்று கேள்விகள் கிளம்பின. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவரை ஆண் என்று நம்பிய காலம் முழுக்க இவை எங்கே போயிருந்தன?

பெரு நாட்டு மலைப்பகுதியிலும் இப்படி ஒன்று கிடைத்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி. உள்ளே ஈட்டிமுனைகளோடு இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர். பல் எனாமலில் இருந்த புரதம் அவர் பெண் என்று காட்டியது. 2020-இல் இது வெளியானதும், ஆதியில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக வேட்டையாடினார்கள் என்று சிலர் முழங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு குழியை வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை.

எலும்பை விட்டுவிட்டு உயிரோடிருப்பவர்களைப் பார்ப்போமே. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் வாழும் அக்டா மக்களில் சில குழுக்களில் பெண்கள் வில்லோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனதை மானுடவியலாளர்கள் 20-ஆம் நூற்றாண்டில் நேரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சராசரி உடல்வலிமையில் அங்கேயும் ஆண்களுக்கே கை ஓங்கியிருந்திருக்கும். அந்தப் பெண்கள் குழந்தையைப் பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ விட்டுவிட்டு, நாய்களைக் கூட்டிக்கொண்டு, சேர்ந்து கிளம்பினார்கள்.

வணக்கம்.