ஓவன் இல்லாத மலை வீட்டில் சீஸ் பாஸ்தா: ஸ்லோ குக்கர் முறை

(காட்சி: பனி படிந்த ஜன்னல் கண்ணாடி. சமையல் மேடையில், பீங்கான் பாத்திரம் பொருத்திய ஸ்லோ குக்கர்.)

வணக்கம். கொடைக்கானலில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி வாசல்வரை வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் விறைத்துப்போகும். அப்படிப்பட்ட மாலைகளில் எங்கள் வீட்டில் எல்லோரையும் அவரவர் போர்வைக்குள்ளிருந்து எழுப்பிக் கொண்டுவரும் உணவு, சீஸ் உருகி ஆவி பறக்கும் பாஸ்தாதான். வழக்கமாக இதை ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பார்கள். எங்கள் தெருவில் ஓவன் இருக்கும் வீடுகள் குறைவு. இருக்கும் வீடுகளிலும், ஹீட்டரும் கீசரும் ஓடும் நேரத்தில் 1,500 வாட், 2,000 வாட் இழுக்கும் இன்னொரு கருவியைப் போடத் தயங்குவார்கள். இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்கருவியான ஸ்லோ குக்கருக்கு 200 வாட் அளவே போதும். இரண்டரை மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஸ்லோ குக்கரை ஒரு சின்ன ஓவன் என்று நினைத்துக்கொண்டு சமைத்தால் உணவு கெட்டுவிடும். நான் முதன்முறை செய்தபோது, சமவெளியில் யாரோ எழுதிய செய்முறையை அப்படியே பின்பற்றி, வேகாத பாஸ்தா, பால், துருவிய சீஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, நான்கு மணி நேரம் மூடிவைத்தேன். திறந்தபோது பாஸ்தாவின் மேற்பரப்பு கரைந்து கூழாகியிருந்தது, நடுவில் மட்டும் மாவு வாசனை போகவில்லை. சீஸ் ரப்பர்போலச் சுருண்டு கிடக்க, அதைச் சுற்றி மஞ்சள் எண்ணெய் மிதந்தது. அரை கிலோ சீஸ் வீணானது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதற்குப் பிறகுதான், மலையில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

(காட்சி: இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் கொதிக்கிறது. ஒன்றின் கீழ் 100, மற்றதன் கீழ் 93 என்ற எண்கள்.)

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், இங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஊட்டியில் அது இன்னும் சற்றுக் குறைவு, குன்னூரில் சற்றுக் கூடுதல். பிரஷர் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க முயன்ற மலையூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த செய்திதான். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்துவைத்து இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஸ்லோ குக்கரின் கண்ணாடி மூடி சும்மா அமர்ந்திருக்கிறதே தவிர, ஆவியை அடைப்பதில்லை. ஆகையால் இந்தப் பாத்திரத்திலுள்ள குழம்பு, எத்தனை மணி நேரம் வைத்தாலும், 93 டிகிரியைத் தாண்டப்போவதில்லை.

அடுத்தது மின்னழுத்தம். குளிர்கால மாலையில் ஊர் முழுவதும் ஹீட்டர் போடும்போது, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் மட்டுமே வந்தால், வெப்பம் அதே விகிதத்தில் குறையும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் சூடேற்றும் கம்பியின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை, அதாவது அதை அதனாலேயே பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. எனவே 200 வாட் கருவி 120 வாட் அளவுக்கே சூடு தரும். பகல் இரண்டு மணிக்கு ஒன்றரை மணி நேரத்தில் தயாரான பாஸ்தா, இரவு ஏழு மணிக்கு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று நான் பல நாள் குழம்பியதற்கு விடை இதுதான். முடிந்தால் மாலை நான்கு மணிக்குள் குக்கரைப் போட்டுவிடுங்கள்.

இந்தக் கருவி பிறந்த கதையை அறிந்தால் அதன் இயல்பும் விளங்கும். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1936-இல் இதற்குக் காப்புரிமை கோரி, 1940-இல் பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை பேக்கரி அடுப்புக்குள் வைத்துவிட்டு, அடுப்பு ஆறஆற இரவெல்லாம் வேகவிடும் வழக்கத்தை அவருடைய தாயார் சொல்லக் கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல். பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதாவது, அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் இளஞ்சூட்டைப் போலச் செய்வதே இதன் வேலை. குமுட்டி அடுப்பில் கீழேயும் தணல், மூடியின் மேலேயும் தணல் என்று வைத்து நம் வீடுகளில் கேக் செய்வார்களே, அதில் மேற்புறம் சிவந்து வரும், இதில் வராது. உணவு பொன்னிறமாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

(காட்சி: மேடையில் பொருள்கள். பென்னே பாஸ்தா, பால், வெண்ணெய், சீஸ் கட்டி, மலைப்பூண்டு, காரட், பட்டர் பீன்ஸ்.)

மூன்றரை லிட்டர் குக்கருக்கு, நான்கு பேர் சாப்பிடும் அளவு சொல்கிறேன். பென்னே அல்லது மாக்கரோனி 250 கிராம். பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மைதாவில் செய்தது நீண்ட நேரச் சூட்டைத் தாங்காது. 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர், வெண்ணெய் 40 கிராம், மைதா 30 கிராம். கட்டி செடார் 120 கிராம், மொசரெல்லா 80 கிராம், அதோடு சாதாரணச் சீஸ் ஸ்லைஸ் இரண்டு. துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள் என்பதால், கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது. காய்கறி எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிண்ணம். பூண்டு மட்டும் எங்கள் மலைப்பூண்டாக இருக்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டை பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைவிக்கிறார்கள். உரிக்கும்போதே கண்ணைக் கரிக்கும் காரம் அதற்கு உண்டு. ஆறு பல் போதும், சமவெளிப் பூண்டென்றால் பத்தாவது வேண்டும்.

பட்டர் பீன்ஸைத் தனியாகக் குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவைச் சேர்ப்பதானால், அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் குழைய வேகவைத்த பின்புதான் சேர்க்க வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் நின்று, கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

முதல் வேலை, காலிப் பீங்கான் பாத்திரத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஹை நிலையில் இருபது நிமிடம் சூடாக்குவது. பத்து டிகிரிக் குளிரில் கிடந்த பீங்கானில் கொதிக்கும் குழம்பை நேராக ஊற்றினால் விரிசல் விழும். சூடான பாத்திரத்தைக் குளிர்ந்த கடப்பைக்கல் மேடையில் வைத்தாலும் அதே கதிதான். கீழே மடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் காஸ் அடுப்பில் பாஸ்தாவை அரைவேக்காட்டில் எடுக்க வேண்டும். பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்று போட்டிருந்தால், அது 100 டிகிரித் தண்ணீருக்கான கணக்கு. இங்கே முழுதாக வேகப் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் ஆகும். நாம் ஏழாவது நிமிடத்திலேயே வடித்துவிடுகிறோம். ஒன்றை எடுத்து நகத்தால் வெட்டிப் பாருங்கள். ஓரம் மஞ்சள் கண்ணாடிபோலவும், நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் சரியான பதம். அந்தப் புள்ளி சாஸில் உள்ள பாலைக் குடித்து மீதியை வெந்துகொள்ளும். வடித்த கஞ்சியில் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

ஏன் பச்சையாகவே போடக்கூடாது என்று கேட்கலாம். இளஞ்சூட்டில் பாஸ்தாவின் மேற்பரப்பு மாவுச்சத்து ஊறிக் கரைவதும், உட்பகுதியைச் சூடு எட்டுவதும் போட்டிபோடுகின்றன. கொதிக்கும் தண்ணீரில் புரதவலை விரைவாக இறுகி மாவைப் பிடித்துக்கொள்ளும்; இளஞ்சூட்டில் அது இறுகுவதற்குள் மாவு வெளியேறிவிடும். என் முதல் பாஸ்தா கூழானதற்குக் காரணம் இதுதான்.

(காட்சி: கனமான வாணலியில் வெண்ணெய் நுரைக்கிறது.)

வெண்ணெயில் நசுக்கிய பூண்டை வாசனை வரும்வரை வதக்கி, மைதாவைத் தூவி, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கினால், இட்லி மாவைவிடச் சற்று நீர்த்த சாஸ் கிடைக்கும். அதில் உப்பு, தாண்டிக்குடிப் பக்கத்து மிளகை இடித்துப் போட்ட தூள், பொடியாக நறுக்கி வதக்கிய காரட், வேகவைத்த பீன்ஸ், முக்கால் கிண்ணம் கஞ்சி ஆகியவற்றைச் சேருங்கள். தக்காளி பிடித்தவர்கள் வதக்கிச் சுண்டிய விழுதாக இரண்டு கரண்டி சேர்க்கலாம். மைதா ஏற்கெனவே பாலோடு கலந்திருப்பதால் புளிப்பில் பால் எளிதில் திரியாது. சீஸ் ஸ்லைஸ் இரண்டையும் இந்தக் கட்டத்திலேயே கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

மற்ற சீஸ் இப்போது வேண்டாம். இந்தச் செய்முறையின் உயிரே இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. சீஸ் என்பது பால்புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு, கொழுப்பையும் நீரையும் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் பண்டம். இந்த வலையின் முடிச்சுகளாக இருப்பது கால்சியம். மிதமாகச் சூடேறும்போது வலை தளர்ந்து சீஸ் வழிகிறது. சூடு நீண்டுகொண்டே போனால் புரதம் சுருங்கி இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கொழுப்பையும் நீரையும் வெளியே தள்ளிவிடும். நான் பார்த்த மஞ்சள் எண்ணெய் அப்படி வந்ததுதான். ஸ்லைஸ் சீஸில் மட்டும் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் சேர்த்திருப்பார்கள். அவை கால்சியத்தை விலக்கிப் புரதமும் கொழுப்பும் பிரியாமல் காக்கின்றன. சுவையில் அது செடாருக்கு ஈடாகாது என்றாலும், மற்ற சீஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக அந்த இரண்டு ஸ்லைஸை நான் ஒருபோதும் விடுவதில்லை.

குக்கரிலுள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, உட்புறம் முழுவதும் வெண்ணெய் தடவி, சூடான சாஸையும் பாஸ்தாவையும் கலந்து ஊற்றுங்கள். பாஸ்தா சாஸில் மூழ்கியிருக்க வேண்டும். மூடியின் அடியில் சுத்தமான பருத்தித் துண்டை விரித்து, அதன் நுனிகளை மேலே மடித்துக்கொண்டால், மூடியில் படியும் நீர் சொட்டாமல் துண்டிலேயே நின்றுவிடும். துண்டு கருவியின் சூடான பக்கங்களில் தொங்கக்கூடாது. லோ நிலையில் ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். குளிர்ந்த அடுக்களையில் அதற்கு மேலும் ஆகும்.

ஒரு மணி நேரம் கழித்து, செடார் முழுவதையும் மொசரெல்லாவில் பாதியையும் போட்டு, ஒரே திசையில் மெதுவாகப் புரட்டுங்கள். கெட்டியாக இருந்தால் மீதிக் கஞ்சியை ஊற்றலாம். மேலே மீதி மொசரெல்லாவைத் தூவி, இன்னும் இருபது நிமிடம் வைத்தால் போதும். இப்போது கரண்டியால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். பீங்கானை ஒட்டிய அந்த ஒரு விரற்கடை அகலத்தில் சாஸ் வற்றி, காபி நிறத்தில் மொறுமொறுவென்று ஒரு வளையம் பிடித்திருக்கும். ஈரம் போன இடத்தில் மட்டும் சூடு 93 டிகிரியைத் தாண்டிவிடுவதால் வரும் வளையம் அது. எங்கள் வீட்டில் முதலில் காலியாவதும் அதுதான்.

மேற்புறத்துக்கு, இரண்டு ரஸ்க்கை நொறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில் தோசைக்கல்லில் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்பே தூவினால் ஆவியில் நமத்துவிடும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் வழக்கம். நீங்கள் வீட்டில் இருந்தால், உடனே எல்லாவற்றையும் வாணலிக்கு மாற்றி காஸ் அடுப்பில் முடித்துவிடுங்கள். வெளியே போய்த் திரும்பும்போது இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லை என்று தெரியவில்லையென்றால், மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுவதே சரி. பாலும் மாவும் 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமி பெருகிவிடும். ஊர் குளிராக இருந்தாலும், மூடிய பீங்கானுக்குள் அந்த வெதுவெதுப்பு நெடுநேரம் நிற்கும்.

மீந்ததை ஆறவிட்டுச் சிறு டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஸ்லோ குக்கரில் சூடாக்க வேண்டாம். அது மிக மெதுவாகச் சூடேறும். தோசைக்கல்லில் சிறிது வெண்ணெய் விட்டு, பாஸ்தாவை அடைபோலத் தட்டிப் பரப்பி, மூடி வைத்து மிதமான தீயில் ஆவி பறக்கும்வரை விட்டு, அடியில் முறுகியதும் திருப்பிப் போடுங்கள்.

(காட்சி: தோசைத்திருப்பி பாஸ்தா அடையைப் புரட்டுகிறது. அடிப்பக்கம் பொன்னிறம்.)