அரியலூர்க் கல்லும் பத்தாம் வகுப்புப் புத்தகமும்

(பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் ஏன் வேண்டும் என்று போன மாதம் அரியலூரில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியது. நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டு மூன்று விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் இந்தக் கல்லைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், கனமாக இருக்கும், பத்திரம். உள்ளங்கை அகலம்தான். கிடாவின் கொம்பு மாதிரி உள்ளுக்குள் சுருண்டு போகிறது, வெளியோரத்தில் வரிவரியாகப் புடைத்திருக்கிறது, விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் படித்த ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தது. அவன் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டினார். "டீச்சர், நத்தை கல்லாப் போயிருக்கு" என்று சொல்லி மேசை மேல் வைத்தான்.

அது நத்தை இல்லை. அம்மோனைட் என்று பெயர். மார்க்கெட்டில் கணவாய் வாங்குகிறோமே, அதற்குச் சொந்தம். கடலில் மட்டுமே வாழ்ந்த பிராணி, 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் அற்றுப் போய்விட்டது. அப்படிப்பட்ட ஒன்று, வெயிலில் வெடித்துக் கிடக்கும் நம் அரியலூர் மண்ணுக்குள் எப்படி வந்தது? நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் அன்றைக்குக் கடல். சிமெண்டுக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லில் பெரும் பங்கு அந்தக் கடலில் வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடுதான். ஆயிரம் வருஷக் கோயில் என்று கங்கைகொண்ட சோழபுரத்தைக் காட்டி நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான், ஆனால் இந்தக் கல்லின் வயதை ஒரு மணி நேரமாகச் சுருக்கினால் அந்தக் கோயிலின் காலம் விரல் சொடுக்கும் நேரம்கூட இருக்காது.

1862ல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியல் அறிஞர் இங்கே உள்ள பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்துக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன என்று, அதாவது பரிணாமத்தை, சொன்ன டார்வினின் புத்தகம் வெளிவந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அடியில் இருக்கும் அடுக்கில் ஒரு வகை அம்மோனைட், அதற்கு மேலே வேறு வகை, இன்னும் மேலே இன்னொரு வகை. பழையது மறைகிறது, புதியது வருகிறது. ஓட்டைப் பார்த்தே இது எந்த அடுக்கு என்று சொல்லிவிடலாம், நிலவியல்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். பரிணாமம் எங்கேயோ லண்டனில் எழுதிய சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நம் பக்கத்துச் சுரங்கத்தின் செங்குத்தான சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அடுக்கடுக்காக அங்கேயே எழுதியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் மரபுவழியும் பரிணாமமும் என்று ஒரு பாடம் இருந்தது. கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்குச் சுமையைக் குறைக்கிறோம் என்று, தேசியப் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி அதில் கை வைத்தது. பெருந்தொற்று முடிந்தது, வெட்டியது மட்டும் திரும்பி வரவில்லை. 2023ல் வந்த புத்தகத்தில் அந்தப் பாடத்தின் பெயர் வெறும் மரபுவழி. டார்வின் போனார், இந்தக் கல் மாதிரியான புதைபடிவங்கள் போயின, மனிதன் எப்படி வந்தான் என்ற பகுதியும் போனது. அந்த ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அறிவியல் ஆர்வலர்களும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பகுதியைத் திரும்பச் சேருங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அரசுத் தரப்பில் சொன்ன பதில், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இது இருக்கிறது, வேண்டியவர்கள் அங்கே படித்துக்கொள்ளலாம் என்பது.

இந்தப் பதிலைத்தான் நான் ஏற்கவில்லை. ஏன் என்று உங்கள் வீட்டிலேயே பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை என்ன செய்கிறது? ஒன்று காமர்ஸுக்குப் போகிறது, ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கிறது, ஒன்று ஐடிஐயில் சேர்கிறது, ஒன்று பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்கிறது. உயிரியல் எடுப்பது ஒரு பகுதிப் பிள்ளைகள்தான். நாளைக்கு வக்கீலாக, தாசில்தாராக, பத்திரிகையாளராக, எம்எல்ஏவாக வரப்போகிற மற்ற எல்லோருக்கும் உயிரியல் என்று ஒன்று வகுப்பறையில் நடப்பது பத்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேலே வைத்தால் நீட் எழுதப் போகிறவர்களுக்கு மட்டும் வைத்தது மாதிரி. நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பது டாக்டராகப் போகிற பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருக்கிறதே டீச்சர், நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, சந்தோஷம். பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒன்று, வகுப்பில் நடப்பது ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பரீட்சைக்கு ஒன்றிரண்டு கேள்விதான் வரும், புக் பேக் மட்டும் எழுதிப் போட்டுவிட்டு ரிவிஷனுக்குப் போங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். அந்த இரண்டு வருஷத்துப் பிள்ளைகளை இப்போது கடைத்தெருவில் பார்த்தால் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வகுப்பில் ஒழுங்காக நடத்தினால் வருகிற முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது? நல்ல கேள்வி, பிள்ளை யோசிக்கிறது என்று அர்த்தம். நான் சொல்கிற பதில் இது: உனக்கும் உன் பெரியப்பா மகனுக்கும் தாத்தா ஒருவர்தானே, நீ பிறந்ததால் அவன் இல்லாமல் போய்விட்டானா? சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரே குடும்பமாக இருந்து பாகம் பிரிந்தவர்கள். அவர்கள் அவர்கள் வழியில் போனார்கள், நாம் நம் வழியில் வந்தோம். பங்காளி என்று சொன்னதும் பின்பெஞ்சு வரைக்கும் புரிந்துவிடும்.

2018 ஜனவரியில் மத்திய கல்வித்துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று பேசினார். பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்ட அதே கேள்விதான். பிள்ளைக்குப் பதில் சொல்ல வகுப்பில் ஒரு ஆசிரியர் இருக்கிறார். அமைச்சர் மேடையில் அதையே சொல்லும்போது கேட்கிற லட்சக்கணக்கான பேருக்கு யார் பதில் சொல்வது? அப்போது நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கூட்டாக மறுப்பு அறிக்கை விட்டன. அது பெரிய காரியம். ஆனால் அந்த அறிக்கை புரிய வேண்டும் என்றால் படிப்பவருக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது வெறும் தியரிதானே என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு தியரி என்றால் பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம், பரீட்சையில் எழுதுகிறது. அறிவியலில் அந்தச் சொல்லுக்கு எடை வேறு. பொருளெல்லாம் அணுக்களால் ஆனது என்பதும் தியரிதான், கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான். ஆயிரம் தடவை சோதித்துப் பார்த்து நிலைத்து நின்றதற்குத்தான் அந்தப் பெயர் கொடுக்கிறார்கள்.

இதைப் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு நீலகிரியைக் காட்டுகிறேன். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் கோளாறை முதன்முதலில் கண்டுபிடித்து எழுதியது 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான். சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும், உயிர் போகிற வலி வரும், பிள்ளைகள் சின்ன வயசிலேயே செத்துப் போவதும் உண்டு. இவ்வளவு கெடுதல் செய்கிற ஒரு மரபணு எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது? தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அது வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அந்தப் பிள்ளையைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்ல முடிவதில்லை. மலேரியா ஆட்டம் போட்ட காடுகளில் அந்த ஒற்றை மரபணு உள்ளவர்கள் பிழைத்தார்கள், அவர்களின் பிள்ளைகளும் பிழைத்தார்கள். ரத்தக் கோளாறுக்கும் மலேரியாவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறை வைத்து 1949ல் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஹால்டேன். பிறகு இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். அரிவாள் செல்லுக்கு ஆதாரம் காட்டியவர் அல்லிசன் என்ற ஆராய்ச்சியாளர், 1954ல், கிழக்கு ஆப்பிரிக்காவில். இயற்கைத் தேர்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது, அதுவும் நம் மலையிலேயே இருக்கிறது.

2023 ஜூலையில் மத்திய அரசே அரிவாள் செல் சோகையை 2047க்குள் ஒழிக்கிறோம் என்று தேசிய அளவில் திட்டம் தொடங்கியது. மிக நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். அந்த மரபணு ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்குகிற பாடம் புத்தகத்தில் இல்லாமல் போனதும் அதே வருஷம். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்லப் போகிற கிராம செவிலியர், இது உன் குலத்துக்கு வந்த சாபம் இல்லை தாயி, உன் முன்னோரைக் காப்பாற்றிய ஒன்று என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டாமா?

காய்ச்சல் விட்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறோம், சளிக்குக்கூட மருந்துக் கடையில் நாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு தடவையும் சாகிற கிருமி சாகிறது, தாங்குகிற கிருமி பெருகுகிறது. மருந்து கேட்காத காசநோய் அப்படி வந்ததுதான். இதுவும் அதே பாடம்.

இப்போது வேறு ஒரு ஊருக்குக் கூட்டிப் போகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம், டார்வின் சொன்னதில் ஓட்டைகள் இருக்கின்றன, உயிர்களை ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டுப் படைத்தது என்று வேறு ஒரு கருத்தும் உண்டு என்று உயிரியல் வகுப்பில் ஒரு அறிவிப்பை வாசிக்க வேண்டும் என முடிவெடுத்தது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று எழுத்துமூலமாகவே சொல்லிவிட்டார்கள். அதனால் நிர்வாகத்தினரே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அரசு வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளம் கொடுப்பவரிடம் முடியாது என்று எழுதிக் கொடுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். விசாரணை முடிந்து, தீர்ப்பு வருவதற்கு முன்பே வாரியத் தேர்தலும் வந்தது. 2005 நவம்பரில் எட்டு இடங்களுக்குத் தேர்தல், அந்த முடிவை ஆதரித்து நின்ற எட்டுப் பேரையும் ஊர் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 20ம் தேதி தீர்ப்பு, 139 பக்கம். ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டுப் படைத்தது என்பது மதக் கருத்து, அறிவியல் இல்லை, அரசுப் பள்ளியில் அறிவியலாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். நீதிமன்றத்தில் பரிணாமத்துக்காக முதல் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் பக்தியுள்ள கத்தோலிக்கர். விஞ்ஞானிகளின் சாட்சி வழக்கை ஜெயித்தது. வழக்கைத் தொடுத்ததும் வாரியத்தை மாற்றியதும் அம்மா அப்பாக்கள்.

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரமே பரிணாமத்தைச் சொல்கிறதே டீச்சர் என்று சில பெற்றோர் அன்போடு கேட்பார்கள். புராணம் புராணமாக இருக்கட்டும், அதன் அழகு அதற்கு. வகுப்பில் நாம் சொல்வது ஆதாரம் காட்ட முடிந்ததை மட்டும், நாளைக்கு மாறான ஆதாரம் வந்தால் திருத்திக்கொள்கிறதை மட்டும். சாமி கும்பிடாதே என்று இந்தப் பாடம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். தேசியப் பாடப்புத்தகங்களை வகுப்பு வகுப்பாகப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை சிபிஎஸ்இயில் படித்தால், பத்தாம் வகுப்பில் பரிணாமம் வேண்டும் என்று பெற்றோராகவே கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதுங்கள். விஞ்ஞானிகள் எழுதினால் அது அவர்கள் தொழில் என்று தள்ளிவிடலாம், அரியலூர் லாரி டிரைவர் எழுதினால் அப்படித் தள்ள முடியாது. அரசுப் பள்ளியில் படித்தால் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, அந்தப் பாடத்தை எந்த மாதம் நடத்துகிறீர்கள், எத்தனை பீரியட் என்று கேளுங்கள். கேட்டால் ஆசிரியருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், எனக்கு யாராவது கேட்டிருந்தால் அந்த இரண்டு வருஷமும் நடத்தியிருப்பேன். லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் படுத்துக் கிடக்கிறது, அதையும் காட்டுங்கள்.

அந்தக் கல் யார் கையில் இருக்கிறது? பின்னாடி பாப்பாவிடமா, சரி, இருக்கட்டும், நல்லா பார்த்துவிட்டுக் கொடும்மா. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.