புளி வியாபாரத்துக்கு ஆன்லைன் பட்டம் எந்த அளவுக்கு உதவும்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வருகிறார். அப்பா சீசனில் புளி வாங்கி விற்பவர். “ஆன்லைனில் தொழில்முனைவும் வணிக மேலாண்மையும் சேர்ந்த பிபிஏ படிக்க ஆசை. அந்தப் பட்டம் செல்லுமா? வேலையை விடாமல் முடிக்க முடியுமா? பட்டம் இருந்தால்தான் பேங்கில் தொழில் கடன் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா?” இதுதான் கேள்வி.

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டம் வேண்டும் என்பது உண்மையில்லை. பிஎம்இஜிபி என்கிற, மானியத்தோடு தொழில் கடன் தரும் மத்திய அரசுத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், படிப்புத் தகுதி அவ்வளவுதான். கிராமப்புறத்தில் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு, சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கானது. அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் வரை மானியம். இரண்டுக்கும் தருமபுரி மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். பேங்க் மேனேஜர் உங்கள் சான்றிதழைவிடத் திட்ட அறிக்கையைத்தான் புரட்டிப் பார்ப்பார். என்ன விலைக்கு வாங்குவீர்கள், யாருக்கு விற்பீர்கள், தவணை கட்ட மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பார். அதற்கு உங்கள் வாயிலிருந்து பதில் வர வேண்டும்.

அப்படியானால் படிப்பு எதற்கு? அந்தப் பதிலுக்குத்தான்.

உங்கள் அப்பா தொழிலையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க நானே சில விலைகளை வைத்துக்கொள்கிறேன், மார்க்கெட் விலை வேறாக இருக்கும். ஓட்டோடு இருக்கிற புளி 100 கிலோ, கிலோ 40 ரூபாய் என்று 4,000 ரூபாய்க்கு வாங்குகிறார். ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்தபின் கையில் நிற்பது 45 கிலோ சதை. தட்டி, கொட்டை எடுக்கிற பெண்களுக்குக் கூலி, சாக்கு, வண்டி வாடகை சேர்த்து 900. கொட்டையை விற்றால் 400 திரும்பி வரும். துணி நூலுக்குக் கஞ்சி போட புளியங்கொட்டைப் பொடி பயன்படுவதால் அதற்கும் வாங்குகிற ஆள் உண்டு. ஆக 4,500 ரூபாயை 45 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு அடக்கம் 100 ரூபாய்.

இதோடு முடியவில்லை. மார்ச்சில் வாங்கியதை விலை ஏறட்டும் என்று செப்டம்பர் வரை கோல்டு ஸ்டோரேஜில் வைக்கிறார். வெளியில் வைத்தால் கறுத்துவிடும், கறுத்த புளிக்கு விலை இறங்கிவிடும். அந்த ஆறு மாதத்துக்குக் கடன் வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம் என்றாலும் கிலோவுக்கு 6 ரூபாய். கிடங்கு வாடகை ஒரு 4 ரூபாய் வையுங்கள். அடக்கம் 110 ஆகிவிட்டது. செப்டம்பரில் 110-க்கு விற்றுவிட்டு, “நாற்பதுக்கு வாங்கி நூற்றுப் பத்துக்குக் கொடுத்தேன்” என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்வார். லாபம் ஒரு ரூபாய்கூட இல்லை. அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து கொட்டை எடுத்த உழைப்பை இதில் சேர்க்கவே இல்லை, கவனியுங்கள்.

இப்போது நாம் போட்டோமே, அடக்கவிலைக் கணக்கு, நடைமுறை மூலதனம் (சரக்கு விற்றுக் காசாகிற வரை தொழிலில் முடங்குகிற பணம்), சேமித்து வைக்கும் செலவு, இவையெல்லாம் அந்தப் படிப்பில் பாடங்களாக வரும். நம் மாவட்டங்களில் உழைக்கிற ஆளுக்குக் குறைவே இல்லை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ், பாலக்கோட்டில் தக்காளி, நம் பக்கம் புளி, பட்டுக்கூடு என்று சரக்குக்கும் குறைவில்லை. கணக்கு எழுதாததால் நின்றுபோகிற தொழில்கள்தான் அதிகம் என்பது என் கருத்து. அதனால் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் அப்பாவின் புளி நோட்டில் போட்டுப் பார்க்கிறதாக இருந்தால் மட்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற எண்ணமென்றால் அந்தப் பணத்தைப் புளியிலேயே போடுங்கள்.

சரி, பட்டம் செல்லுமா? செல்லும், அங்கீகாரம் இருந்தால். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்கு நேரில் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். யுஜிசி இதை 2022-லும் தெளிவாக அறிவித்தது. நீங்கள் பார்க்க வேண்டியது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப் இணையதளம். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகிற அதே படிப்பு, அதே ஆண்டு, அதே சேர்க்கைப் பருவம், ஆன்லைன் முறை என்று நான்கும் பொருந்த வேண்டும். 2024-லிருந்து மாணவரே டெப் ஐடி, அதாவது அந்தத் தளத்தில் பதிவு செய்து பெறும் எண், எடுத்த பிறகுதான் சேர முடியும். அதை உங்கள் கையாலேயே எடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சென்டர், “நாங்களே சேர்த்துவிட்டு பரீட்சையும் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிளை உரிமம் கொடுத்து ஆன்லைன் பட்டம் நடத்த விதி இடம் தரவில்லை. அப்புறம், போனில் பேசுகிறவர் “மாதத் தவணையில் கட்டலாம்” என்று சொல்வார். பல நேரம் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தருகிற கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. கையெழுத்துக்கு முன் யார் கடன் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

வேலையோடு முடியுமா என்றால், கஷ்டம்தான். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 3,600 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிற உடம்பு, அதோடு பஸ்ஸில் போகிற நேரம், வீட்டு வேலை. இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். படிக்கிற நாட்களில் சமையலை யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்தே பேசுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அதனால் நேராகப் பட்டத்தில் குதிக்க வேண்டாம். மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயமில் தொழில்முனைவு பற்றி ஐஐடி பேராசிரியர்கள் நடத்துகிற என்பிடெல் படிப்புகள் இருக்கின்றன, சில வாரங்களில் முடிந்துவிடும். படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் 1,000 ரூபாய். அதை ஒன்று முடித்துப் பாருங்கள். ஷிப்டோடு படிப்பு ஒத்துவருகிறதா, ஆங்கிலப் பாடம் புரிகிறதா, இரண்டும் தெரிந்துவிடும். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் தமிழ்வழிப் படிப்புகளை விசாரியுங்கள். மதிப்பில் எந்தக் குறைவும் கிடையாது.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். சம்பளம் வருகிற வரைக்கும் புளியில் நஷ்டம் வந்தாலும் வீடு தாங்கும். சேர்க்கை வருடத்தில் இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். ஜனவரியில் சேர்ந்தால் வகுப்பு தொடங்கும்போதே புளி உலுக்குகிற வேலையும் தொடங்கிவிடும். ஜூலையைப் பாருங்கள். அதற்குள் இந்த சீசன் முழுக்க அப்பா வாங்கிய எடை, விலை, கூலி, வாடகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். முதல் கணக்கியல் பாடம் வரும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.