வாசலுக்கு வந்த புத்தக வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

நூலகப் பணி பற்றிப் பேச அழைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இரண்டு குதிரைகள் இழுத்துப் போன ஒரு நூலகம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் வாஷிங்டன் கவுண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமை ஊர் ஹேகர்ஸ்டவுன். 1901 ஆகஸ்டில் அங்கே ஒரு பொது நூலகம் திறந்தார்கள். ஊருக்கு மட்டும் என்றில்லாமல் கவுண்டி முழுவதற்கும் சேர்த்துத் தொடங்கிய நூலகம் அது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே அப்படிப்பட்டவை மிகச் சிலதான்.

அங்கே நூலகராக வந்தவர் மேரி டிட்கம். அப்போது ஐம்பதை நெருங்கிய வயது. வந்ததும் அவர் மனத்தை ஒரு விஷயம் உறுத்தியது. பெயர்ப் பலகையில் கவுண்டி என்று இருக்கிறது, ஆனால் உள்ளே வருகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான். பல மைல் தள்ளிப் பண்ணையில் இருப்பவர் ஒரு புத்தகத்துக்காக நாள் முழுக்க வேலையை விட்டுவிட்டு வர முடியுமா?

சரி, புத்தகத்தைப் பெட்டியில் வைத்து அனுப்புவோம் என்று முடிவு செய்தார். கிராமத்து மளிகைக் கடை, தபால் நிலையம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பெட்டிகள் போய் அமர்ந்தன. சில ஆண்டுகளிலேயே அப்படி 66 இடங்கள் ஆகிவிட்டன. வேறு யாராக இருந்தாலும் இதோடு திருப்தி அடைந்திருப்பார்கள். டிட்கம் அடையவில்லை. கடைக்கும் கடைக்கும் இடையில், சாலையோரப் பண்ணை வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பெட்டி எட்டவில்லையே என்று கவலைப்பட்டார். இந்தக் கவலைதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பேன்.

1905இல் புத்தக வண்டி புறப்பட்டது. இரு பக்கமும் வெளியிலிருந்தே கை நீட்டி எடுக்கும்படி அலமாரிகள். அவற்றில் ஏறக்குறைய 200 புத்தகங்கள். நடுவில் பெட்டிகள் வைக்க இடம். ஓட்டியவர் ஜோஷுவா தாமஸ், நூலகக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர். அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் ஆறு மாதத்தில் 31 முறை கிளம்பிப் போய் 1,008 புத்தகங்களைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சங்கடம். கறுப்பாக, பெட்டி போல வரும் வண்டியைப் பார்த்த ஒருவர், அதைப் பிண வண்டி என்று நினைத்து, எங்களுக்கு இது தேவையில்லை, இங்கே நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டிட்கம் சக்கரங்களுக்கும் கதவுப் பலகைகளுக்கும் சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டுமல்லவா!

அவசரப்படுத்தக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். வண்டி வாசலில் நிற்கும். வீட்டுக்காரர் நிதானமாகப் புரட்டிப் பார்த்துத் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த நிதானத்தின் மேல் தனி மரியாதை உண்டு. இன்ன புத்தகம்தான் உனக்கு நல்லது என்று ஒருவர் கையில் திணிப்பது வேறு, அவரே தேர்ந்தெடுக்கும் வரை குதிரைகளோடு காத்து நிற்பது வேறு. வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில் அந்தப் பண்ணைக்காரருக்கும் பங்கு உண்டு என்பதை, அந்தக் காத்திருப்பைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

1910 ஆகஸ்டில் ரயில் பாதையைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதி வண்டி சுக்குநூறாகிவிட்டது. அப்புறம் ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சாலைகளில் புத்தக வண்டி இல்லை. ஐந்து வருடம் வாசலில் நின்று பழகிய வண்டி வராமல் போனால் அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

1912இல் புத்தக வண்டி மறுபடி கிளம்பியது. இந்த முறை குதிரைகள் இல்லை, மோட்டார்.

நன்றி, வணக்கம்.