சுண்ணாம்பு எங்கே?
(கடலூர் பட்டிமன்றத்தில் ‘தொண்டே’ அணியின் பேச்சு)

நடுவர் அவர்களுக்கும், மஞ்சக்குப்பத்துக் கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களுக்கான வணக்கத்தை எதிரணித் தலைவர் பத்து நிமிடம் சொல்லிவிட்டார். என் பங்கையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு, ‘பேரிடருக்குப் பின் மனிதனை எழுப்பி நிறுத்துவது தொண்டா, நம்பிக்கையா?’ நான் தொண்டு என்று பேச வந்திருக்கிறேன். நம்பிக்கை என்று பேசச் சொல்லியிருந்தால் அதையும் பேசியிருப்பேன், அது வேறு. நடுவர் முறைக்கிறார், மேலே போகிறேன்.

இந்தத் தலைப்பைக் கடலூரில் வைத்தவர் விவரமான ஆள். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துவிட்டன. 2015-ல் வெள்ளம் அவசரப்பட்டு நவம்பரிலேயே வந்தது. 2024-ல் ஃபெஞ்சல்; நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைத் தொட்டது, டிசம்பர் பிறந்ததும் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை வீட்டுக்குள் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் டிசம்பரில் காலண்டர் மாற்றுவார்கள். நாம் கூரை மாற்றுவோம்.

எதிரணித் தங்கை அப்பர் பெருமானைக் கூப்பிட்டு வந்தார். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், கல் மிதந்தது, நம் கரையேறவிட்டகுப்பத்தில் கரையேறினார், கரையேற்றியது நம்பிக்கை என்றார். ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. கரையேறிய பிறகு அவர் கையில் என்ன இருந்தது? உழவாரம். ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். கதையைப் பாதியில் விடலாமா? மீதியை நான் சொல்கிறேன். திருவீழிமிழலையில் பஞ்சம். அதுவும் பேரிடர்தானே? அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஆளுக்கொரு பொற்காசு வைக்கிறார். அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன்? சம்பந்தர் காசைக் கடைக்காரன் வட்டம், அதாவது கழிவு, பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறான், அப்பர் காசு அப்படியே செல்லுகிறது. காரணம் கேட்டால், அப்பர் கையால் தொண்டு செய்கிறவராம். பாட்டுப் பாடினவருக்கு ஒரு காசு, புல் செதுக்கினவருக்கு நல்ல காசு! சிவபெருமானே எங்கள் அணியில் உட்கார்ந்திருக்கிறார், நடுவர் அவர்களே. அப்பரும் வெளியூர் இல்லை, நம்ம பண்ருட்டிப் பக்கம் திருவாமூர்க்காரர். சொந்த ஊர்க்காரரை எதிரணிக்கு எப்படி விட்டுக்கொடுப்பேன்?

இதோடு முடித்திருப்பேன். ஆனால் எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை விட்டார். “சுனாமிக்கு வந்த மிஷனரிகள் எல்லாம் தூண்டிலில் புழு மாட்டிக்கொண்டு வந்தவர்கள். பால் பவுடர் புழு, ஜனங்கள் மீன்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதோ மூன்றாம் வரிசை அண்ணன் விசில்கூட அடித்தார்.

எதிரணித் தலைவரண்ணே, உங்களுக்கு எந்த ஊர்? திருக்கோவிலூரா? அதான். தேவனாம்பட்டினத்து ஜனத்தைப் பார்த்து மீன் என்கிறீர்களே, அவர்கள் பரம்பரையாக மீன் பிடிக்கிறவர்கள். எந்தப் புழுவுக்குள் எந்த முள் இருக்கிறது என்று அவர்களுக்கா நீங்கள் பாடம் எடுப்பீர்கள்? அரிசி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். கூடவே துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களிடம் அதையும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள். மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்கு வந்தால் எப்போதும் போல முன்னால் போய் நின்றார்கள். ஜெபத்துக்கு வந்தால்தான் மூட்டை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தேவைக்கு மேல் ஃபைபர் படகு கொடுத்தவர்கள், கிழிந்த பேண்ட்டை லாரியில் அனுப்பி ரோட்டோரம் மலையாகக் குவித்தவர்கள், இவர்களுக்கும் வரவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை ஜமாத்தார் அடுப்பு மூட்டி மீனவ ஜனத்துக்குச் சோறு போட்டார்களே, அதில் என்ன புழு? வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறதே, பந்தியில் உட்காருகிறவனிடம் யாராவது என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டார்களா?

சரி, ஒரு கதை. சுனாமி முடிந்து இரண்டாம் நாள். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நான் காலேஜ் பையன், ஒரு கல்யாண மண்டபத்து முகாமில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கே தூணோரம் ஓர் ஆயா. பேச்சில்லை, சாப்பாடில்லை, அழுகைகூட இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பிரெட் நீட்டுகிறார்கள். மூன்று வேளையும் பிரெட்தான், ஜாம் ஒருத்தரும் கொண்டுவரவில்லை. கேரளாவிலிருந்து வந்த ஒரு சிஸ்டர், பாதிரியார் அனுப்பிய பால் பவுடரோடு வந்தவர், ஆயா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அம்மச்சீ, என்னா வேணும்?” ஆயா கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னாள்: “வெத்தல.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் மாமாவின் டி.வி.எஸ். 50-ஐ எடுத்தேன், பின்னால் சிஸ்டர். கடற்கரைப் பக்கம் கடையெல்லாம் சாத்திக் கிடக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் போகிற வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. சிஸ்டர் இறங்கித் தள்ளினார். நான் ஹேண்டில் பிடித்தேன், அவ்வளவுதான். கடைக்காரர், வெள்ளை உடுப்பும் கழுத்துச் சிலுவையுமாக வந்து ஒரு கவுளி வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் கேட்ட சிஸ்டரை மேலும் கீழும் பார்த்து, “எப்போலேருந்து சிஸ்டர்?” என்றார்.

திரும்பி வந்தோம். ஆயா வெற்றிலையை எடுத்தாள். புடவையில் துடைத்தாள். காம்பைக் கிள்ளினாள், பின்பக்கத்து நரம்பை நகத்தால் உரித்தாள். அப்புறம் இடது உள்ளங்கையை நீட்டி, “சுண்ணாம்பு?” என்றாள். சிஸ்டர் என்னைப் பார்க்கிறார். நான் கூரையைப் பார்க்கிறேன். ஆயா சொன்னாள்: “சுண்ணாம்பு இல்லாத வெத்தலைய ஆடுதான் திங்கும். நான் என்ன ஆடாடி?”

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நடுவர் அனுமதியோடு இன்னொரு தடவை. “நான் என்ன ஆடாடி?” ஆயா யாரைக் கேட்கிறாள்? மடத்துச் சிஸ்டரை! அந்த மண்டபத்தில் முதல் முறையாக யாரோ சிரித்தார்கள். அது பரவி, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிஸ்டர் கோபித்துக்கொண்டாரா? “வண்டியை எடு” என்றார். நான் “பெட்ரோல்?” என்றேன். “தள்ளாம்” என்றார்!

சுண்ணாம்பு டப்பி வந்தது. ஆயா தடவினாள், மடித்தாள், மென்றாள். அப்புறம்தான், நடுவர் அவர்களே, அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. பேரன் கரையில் விளையாடப் போனவன். அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க சாமிகிட்ட அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லி வை பொண்ணு. எங்க ஆத்தாகிட்ட நான் இப்ப பேசறதில்ல” என்றாள்.

எதிரணித் தலைவரே, உங்கள் கணக்குப்படி இதுதானே நல்ல சமயம்? மீன் தானாகவே வலைக்கு வந்து நிற்கிறது. சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? “சொல்றேன் அம்மச்சி” என்றார். வெற்றிலைக் காம்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். மறுநாளும் வந்தார். டி.வி. கேமராக்கள் எல்லாம் போன பிறகும் வந்தார். ஒரு நாளும் “எங்க சாமிகிட்ட வா” என்று கூப்பிடவில்லை.

அடுத்த ஆடியில் அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றினார்கள். அகப்பை யார் கையில்? ஆத்தாவோடு பேசமாட்டேன் என்ற அதே ஆயா கையில். வரிசையில் சொம்போடு நின்றது யார்? சிஸ்டர்! ஆயா அவருக்கு ஊற்றிவிட்டு, “வெங்காயம் வேணுமா, இல்ல உங்கள மாதிரி மறந்துட்டு வரட்டுமா?” என்றாள். அண்ணே, தூண்டில் போட வந்தவர் சொம்போடு நிற்கிறார். யார் மீன், யார் முள், நீங்களே சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் இஷ்டம், நடுவர் அவர்களே. நம்பிக்கை என்றே சொல்லுங்கள், கவலையில்லை. ஆனால் எதிரணித் தலைவர் கடைசியாகத் தொகுத்துப் பேச எழுந்திருப்பார். அப்போது அந்தத் தூண்டில் வார்த்தையை இதே மைக்கில் வாபஸ் வாங்கிக்கொண்டு மீதியைப் பேசச் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் கைதட்டிய மூன்றாம் வரிசை அண்ணனும் கவனித்துக்கொண்டிருப்பார். நன்றி, வணக்கம்.